நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு காப்பி

பினாங்குத் தீவின் வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்தே ஆக வேண்டும்: என் கணவர் மோகனராஜ் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வாங்குவதற்கு முந்திய இருண்ட காலம், வாங்கியதற்குப் பிந்திய பொற்காலம். இருண்ட காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் காப்பி குடித்தோம். பொற்காலத்தில் யாரும் குடிப்பதில்லை. வளர்ச்சி என்றால் சில தியாகங்கள் இருக்கத்தானே செய்யும்.

என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர். கண்ணுக்கே தெரியாத கோணல் என்றாலும் கண்டுபிடித்துப் பொருளை ஓரம்கட்டிவிடுவார். அவர் தலையாட்டாமல் அங்கிருந்து ஒரு தூசிகூட வெளியே போக முடியாது. இப்படிப்பட்ட மகான் சனி, ஞாயிறுகளில் கைலி கட்டிக்கொண்டு சோபாவில் வீணாகிறாரே என்று நான் கவலைப்பட்டதுண்டு. அந்தக் கவலையை ஆண்டவன் தீர்த்துவைத்தான்.

இந்தப் பொற்காலத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கோப்பை காப்பி. நான் குடிப்பதற்கு இல்லை. என் அப்பாவுக்குக் கொடுப்பதற்கு.

அப்பா பரமநாதன், ஓய்வு பெற்ற அரசாங்கக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். கப்பலேறி வந்தது அவருடைய பாட்டனார். ஆனாலும் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் உட்கார்ந்தபடி யாழ்ப்பாணத்து மானத்தைக் காக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்திருந்தது. நான் பாகான் டாலாம் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும், "அவையள் இந்தியா ஆக்கள், நாங்கள் சிலோன் ஆக்கள். செட் ஆகாது" என்று தீர்ப்பு எழுதினார். இரண்டு தரப்பும் ஒரே கடையில் நாசி லெமாக் வாங்கி, ஒரே கிளினிக்கில் நீரிழிவு மாத்திரை வாங்கி, ஒரே ஜாமில் பாலத்தில் நின்று வேர்த்தாலும் ரத்தம் வேறு என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. கல்யாணத்துக்கு வரவில்லை. என் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அம்மா வள்ளிநாயகி மட்டும் மாதாமாதம் "கண் டாக்டரைப் பார்க்க" தீவுக்கு வருவார். என் அம்மாவின் கண்களைப் போல் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்ட கண்கள் இந்த நாட்டில் வேறு இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். மனஸ்தாபம் உள்ள வீட்டில் வாய் நனைக்க மாட்டார்கள். சாவுக்குப் போவார்கள், உட்காருவார்கள், ஆனால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. இறங்கிவிட்டால் மனஸ்தாபம் தீர்ந்தது என்று பொருள். மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல் எதுவும் தேவையில்லை. ஒரு மிடறு போதும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு பாருங்கள்.

சரி, பொற்காலத்துக்கு வருவோம். தொழிற்சாலை ஆண்டு விருந்தின் லக்கி டிராவில் என் கணவருக்கு எஸ்பிரெஸோ மெஷின் விழுந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. அந்தக் குடும்பம் இன்றும் நிம்மதியாக இருக்கிறது. இவர் கடைத்தூளைப் போட்டுப் பிழிந்தார். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. "சூடா இருக்குல்ல, குடிங்க" என்றேன். அவர் குடிக்கவில்லை. வீடியோ பார்க்க உட்கார்ந்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தாடி வைத்த ஆண்கள் தோன்றி, தாங்கள் கண்டடைந்த உண்மையைச் சொன்னார்கள்.

"தப்பு மெஷின் மேல இல்ல சுதா," என்றார் கடைசியில், ஞானம் பெற்ற முகத்தோடு. "அரைக்கிறதுலதான் தப்பு. கிரைண்டர்தான் ரூட் காஸ்."

"நம்ம வீட்லதான் கிரைண்டர் இருக்கே, மாவு அரைக்கிறது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது.

உடனே "சப்ளையர் தேர்வுக் குழு" அமைக்கப்பட்டது. தலைவர் அவர். செயலாளரும் அவர். உறுப்பினர் நான். முதல் கூட்டம் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டின் சோபாவில், டிவியில் படம் போட்டு நடந்தது. மிக்ஸி போலக் கத்தியால் வெட்டும் மாடல் முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டது. "வெட்டுறது வேற, அரைக்கிறது வேற. வெட்டினா ஒண்ணு பாறாங்கல்லா, ஒண்ணு பவுடரா வரும்" என்றார் தலைவர். கையால் சுற்றும் மாடலுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. விலையும் குறைவு, தூளும் சீராக வருமாம். ஆனால் அதிலும் ஒரு குறை கண்டார்.

"ஆபரேட்டர் களைச்சிட்டா குவாலிட்டி மாறிடும்."

"யாரு ஆபரேட்டர்?"

"நீதான்."

அந்த மாடலை நீக்கும்படி உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் உறுப்பினரின் ஒருமனதான ஆதரவோடு நிறைவேறியது. அரைத்த தூளையே வாங்கிவிடலாம் என்ற என் அடுத்த தீர்மானம் "குறித்துக்கொள்ளப்பட்டது". கடைசியில் மின்சாரத்தில் ஓடும், எஃகுப் பற்கள் கொண்ட, எண்கள் போட்ட திருகு உள்ள ஒரு கிரைண்டர் வெற்றி பெற்றது. "என்ட்ரி லெவல்" என்றார். அதாவது உள்ளே நுழைவதற்கான மாடல். வெளியே வருவதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் மாடல் போடவில்லை.

பெட்டி வந்த அன்று எங்கள் சமையலறையில் சீர்திருத்தம் தொடங்கியது. தொழிற்சாலையில் தேவையானது, தேவையற்றது என்று பிரித்து, தேவையற்றதற்குச் சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிடுவார்களாம். அதே போல என் காப்பித்தூள் டின்னுக்கும், காப்பி வடிக்கும் துணிப்பைக்கும் சிவப்பு அட்டை விழுந்தது. டீத்தூளும் தப்பவில்லை. எனக்கும் ஒன்று விழுமோ என்று ஒதுங்கி நின்றேன். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு அலாவுதீன் அண்ணனிடம் கொடுத்தார். மனிதர் மணி எக்ஸ்சேஞ்ச் கடை வைத்திருப்பவர். எதையும் புரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

"மோகன் தம்பி, இது நல்ல தூளாச்சே?" என்றார், டின்னை முகர்ந்து.

"ஸ்பெக்குல இல்லண்ணே."

"குடிச்சா நல்லாத்தானே இருக்கும்?"

"குடிச்சா தெரியாதுண்ணே. அளந்தாதான் தெரியும்."

அலாவுதீன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இனி திருகு. அதில் நாலு என்ற எண்ணில் வைத்தால் தூள் மிக நைசாகி, காப்பி கீழே இறங்க மறுத்தது. கஞ்சன் நன்கொடை கொடுப்பது போல் ஒவ்வொரு சொட்டாக யோசித்து யோசித்து விழுந்தது. ஐந்தில் வைத்தால் குழாய் உடைந்தது போல் கொட்டியது. நல்ல காப்பி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அந்த இடத்தில் நிற்கத் திருகில் வழியில்லை.

"நாலரை வேணும் லா," என்றார்.

"நாலரை இல்லையா?"

"என்ட்ரி லெவல்ல இல்ல."

"அப்ப அஞ்சுல வச்சு குடிப்போம்."

"சுதா, நீ சொல்றதுக்குப் பேரு கன்செஷன். கொற இருக்குற பொருள வாங்கிக்கிறேன்னு கஸ்டமர் சைன் பண்ணணும்."

"நான்தானே கஸ்டமர்? எங்க சைன் பண்ணணும், காட்டுங்க."

"நீ இன்டர்னல் கஸ்டமர். ஒனக்கு சைனிங் பவர் இல்ல."

மழை வந்தால் கொட்டை ஈரம் இழுக்கிறது என்று திருகுவார். வெயில் வந்தால் காய்கிறது என்று திருகுவார். பினாங்கில் இரண்டும் ஒரே மணி நேரத்துக்குள் வந்துபோகும் என்பதால் அவருக்கு ஓய்வே இல்லை. திருகை மாற்றும்போதெல்லாம் பழைய அளவில் அரைத்து உள்ளே தங்கின தூளை வெளியேற்ற, ஒரு பிடி கொட்டையை அரைத்துக் குப்பையில் போட வேண்டும், அது விதி. பிஸ்கட் பாக்கெட்டின் அலுமினியத் தாளைக் கத்தரித்துப் பல்லுக்கு அடியில் சொருகி "நாலரை"யைச் செயற்கையாக உண்டாக்கினார். அது நாலேகால் ஆனது. எங்கள் வீட்டு சிங்க் அந்த மாதங்களில் குடித்த காப்பியை எந்தக் குடும்பமும் குடித்திருக்காது. நான் காலையில் வேலைக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுக்கும் கோப்பி-ஓ என்ற கறுப்புக் காப்பியை உறிஞ்சிக்கொண்டு, சிவப்பு விளக்கில் என் கணவரின் பெருமைகளை நினைத்துக்கொள்வேன்.

தீபாவளி நெருங்கும்போது அம்மா போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"பிள்ளை, அப்பா வாறார்."

"எங்க?"

"உங்கட ஓப்பன் ஹவுசுக்கு. 'ஓப்பன் ஹவுஸ் எண்டா எல்லாரும் போறதுதானே, ஒருத்தரும் என்னைத் தனியா அழைக்கத் தேவையில்லை' எண்டு தானே சொல்லிட்டார். நான் வாயே திறக்கேல்ல. ஒரு கோப்பி குடுத்திடு பிள்ளை. அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

பண்டிகை நாளில் கதவைத் திறந்துவைத்து, வருகிற மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது எங்கள் நாட்டு வழக்கம். அழைப்பு இல்லாமலே போகலாம், மானம் குறையாது. அந்தச் சந்து வழியாக என் அப்பா உள்ளே வரத் தீர்மானித்திருந்தார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

என் கணவருக்கு நிலைமையை விளக்கினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது கஸ்டமர் ஆடிட்."

"ஆடிட்டெல்லாம் இல்ல. ஒரு கோப்பி. அங்கிள்னு கூப்பிடாம மாமான்னு கூப்பிடுங்க. அவ்ளோதான்."

"சும்மா ஏதோ ஒண்ண குடுத்துட முடியுமா? ஒங்கப்பா மொத தடவ என் வீட்டுக்கு வராரு. பெஸ்ட்தான் குடுப்பேன்."

அவர் அதை மனதாரச் சொன்னார். அவருடைய மரியாதையில் எந்தக் குறையும் இல்லை. மற்றவர்களின் அவமரியாதையை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். என் கணவரின் மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

தீபாவளியன்று மதியம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த பிறகு அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, குடை, கையில் ஒரு காகிதப் பொட்டலம். பின்னால் அம்மா, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. அப்பா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். முறுக்கைப் பார்க்கவில்லை. நீரிழிவு என்பதால் சிராப்பு சர்பத் வேண்டாம் என்றார். தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"கோப்பி மட்டும் காணும். கறுப்பு. சீனி போட வேண்டாம்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற என் கணவர், "இதோ... மாமா" என்றார். அப்பாவின் காது அசைந்ததை நான் பார்த்தேன். எல்லாம் கூடி வந்துவிட்டது, இனி ஒரு மிடறுதான் பாக்கி.

கிரைண்டர் இரைந்தது. மெஷின் முனகியது. வாசனை ஹாலுக்கு வந்தது. அப்பா கைக்குட்டையை மடியில் விரித்துத் தயாரானார். அப்போது சிங்க்கில் எதையோ கொட்டும் சத்தம் கேட்டது.

"என்ன ஊத்துறார்?" என்றார் அப்பா.

"அது ட்ரையல், அப்பா."

மறுபடி இரைச்சல், மறுபடி முனகல், மறுபடி வாசனை. மறுபடி சிங்க்.

"இதுவும் ட்ரையலோ?"

"ஆமா அப்பா."

"எங்கட ஆபிசிலயும் ஃபைல் இப்பிடித்தான் சுத்தும்," என்றார் அப்பா. "எண்டாலும் நாங்கள் ஒருநாளும் சிங்க்குக்குள்ள ஊத்தினதில்லை."

நான் சமையலறைக்குள் பாய்ந்தேன். என் கணவர் வேர்த்து வழிந்துகொண்டு, கையில் ஒரு கோப்பையை ஏந்தி, நாடி பார்க்கிற வைத்தியர் போல் நின்றார்.

"அதக் குடுங்க."

"வேகமா எறங்கிடுச்சு. புளிக்கும் லா."

"புளிக்கட்டும்! அவரு இத்தன வருஷமா மொகத்தப் புளிச்சிக்கிட்டுதான் இருக்காரு. ஒரு கோப்பையில என்ன ஆயிடப்போவுது?"

"சுதா, ஆடிட்டருக்கு ரிஜெக்ட்ட குடுத்தா என் பேரு என்ன ஆவுறது?"

நான் கையை நீட்டினேன். அதற்குள் அதையும் ஊற்றிவிட்டார். பழகின கை.

பக்கத்து வீட்டுக்கு ஓடி என் பழைய டின்னையே வாங்கி வந்துவிடலாம் என்று வாசலுக்குப் போனேன்.

"எங்க பிள்ளை போறாய்?"

"பக்கத்து வீட்ல கொஞ்சம் தூள் வாங்கிட்டு..."

"கடன் வாங்கியோ எனக்குக் கோப்பி? வேண்டாம்." அப்பா காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "இந்தா, நான் கொட்டை கொண்டுவந்தனான். மருமகன் மெஷின் வாங்கியிருக்கிறார் எண்டு அம்மா சொன்னவ. இதைப் போட்டு அரைக்கச் சொல்லு."

மருமகன்! அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. அவர் குடிக்கும் காப்பியைக் கடையிலேயே அரைத்து வாங்குவதுதான் வழக்கம். மருமகனின் மெஷினுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் முறையாகத் தூளாக வாங்காமல் கொட்டையாக வாங்கி வந்திருந்தார். அவர் கொடுத்த சமாதானக் கொடி அது.

அது பாசார் சந்தையில் விற்கும் கோப்பிக்கடைக் கொட்டை. சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கரேலென்று வறுத்தது, தார் பூசினது போல் பளபளக்கும். கொட்டையோடு சேர்ந்து வறுபட்ட சீனி சீனியாகாது என்பது அப்பாவின் மருத்துவக் கொள்கை. எங்கள் ஊர்க் காப்பியின் மணமே அந்தச் சீனியில்தான் இருக்கிறது. கடைக்காரனின் பெரிய மெஷின் அதைச் சளைக்காமல் அரைக்கும். என்ட்ரி லெவலுக்கு அது பழக்கமில்லை.

தாடிக்காரர்கள் யாரும் இதைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை போலும். பொட்டலத்தைக் கண்டதும் என் கணவரின் முகம் மலர்ந்தது. "கஸ்டமர் குடுத்த மெட்டீரியல்! கண்டிப்பா ஓட்டணும்!" என்று அத்தனையையும் உள்ளே கொட்டினார். கிரைண்டர் இரைந்தது. பிறகு கனைத்தது. பிறகு "ஙீ" என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. டோஃபி கருகுகிற வாசனை வந்தது. திறந்து பார்த்தால் எஃகுப் பற்களின் மேல் கறுப்புப் பாகு அப்பிக்கிடந்தது. அலுமினியத் தாளும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கணவர் அந்தப் பல்லைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தார். நான் பின்னாலிருந்து "மாமா, மாமா" என்று உதட்டை அசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் கெட்ட செய்தி சொல்லும்போது வரும் குரல் அவருக்கு வந்துவிட்டது.

"சாரி அங்கிள். இன்கமிங் மெட்டீரியல் ரிஜெக்ட். சப்ளையர் ப்ராப்ளம். ஒங்க கொட்டை எங்க மெஷினுக்கு செட் ஆகாது."

அப்பா அந்தப் பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்தார்.

"சரி. நான் அண்டைக்குச் சொன்னதைத்தான் நீர் இண்டைக்குச் சொல்லுறீர்."

குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு பின்னால் போனார்.

"நான் கொட்டையத்தானே சொன்னேன்?" என்றார் என் கணவர், என்னிடம். முகத்தில் உண்மையான திகைப்பு. அந்த முகத்தில் என் கையை வைக்காமல் இருந்ததற்கு எனக்கு ஒரு விருது தர வேண்டும்.

நான் வெளியே ஓடினேன். லிஃப்ட் வழக்கம்போல் எங்கோ மேல் மாடியில் சிக்கிக்கொண்டிருந்தது. அப்பாவைக் காணோம். ஆனால் அவருடைய சப்பாத்து இருந்தது, அலாவுதீன் அண்ணன் வீட்டு வாசலில், அம்மாவின் செருப்போடு சேர்த்து ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டு.

உள்ளே எட்டிப்பார்த்தேன். அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கண்ணாடித் தம்ளர். அதில் பாதிக்குமேல் காலி.

"லிஃப்ட் வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாங்களான்னு நான்தான் கூப்பிட்டேன் தங்கச்சி," என்றார் அலாவுதீன் அண்ணன். "பெரியவரு கறுப்புக் கோப்பி கேட்டாரு. துணியில வடிச்சு, ரெண்டு ஆத்து ஆத்திக் குடுத்தேன். அவ்ளோதான்."

"அந்தமாதிரிக் கோப்பி, நல்ல ருசி, பிள்ளை," என்றார் அப்பா என்னிடம். "இப்பிடிக் குடிச்சுக் கனகாலம்."

அடுப்புப் பக்கத்தில் என் டின் இருந்தது. கழுத்தில் சிவப்பு அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஒங்க மக வீட்டுத் தூள்தாண்ணே!" என்றார் அலாவுதீன் அண்ணன், நல்லது செய்கிற நினைப்பில்.

அப்பா தம்ளரைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"இருக்கலாம்," என்றார். "குடுத்தது இந்த வீடு."

அதன் பிறகு அப்பாவின் கண்களிலும் கோளாறு வந்துவிட்டது. மாதாமாதம் அம்மாவோடு டாக்டரைப் பார்க்கத் தீவுக்கு வருகிறார். எங்கள் மாடியில்தான் இறங்குகிறார். நேராக அலாவுதீன் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வாய் நனைக்கிறார். இருவருக்கும் நாணய மாற்று விகிதத்திலிருந்து மூட்டுவலி வரை பேச ஏராளம் இருக்கிறது. அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் நான் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன். அங்கே எனக்கும் ஒரு தம்ளர் கிடைக்கும். எங்கள் கதவைக் கடக்கும்போது அப்பா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான்.

என் கணவர் சும்மா இருக்கவில்லை. சம்பவம் பற்றி முறைப்படி ஆய்வுக் கூட்டம் நடத்தினார். ரூட் காஸ்: கொட்டையில் சீனி. திருத்த நடவடிக்கை: பற்களை வெந்நீரில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தல். தடுப்பு நடவடிக்கை: வெளிக் கொட்டைகளுக்கு அனுமதி இல்லை. மாமனார் என்ற சொல் எந்தப் பிரிவிலும் வரவில்லை. பிறகு என்ட்ரி லெவலை ஓரம்கட்டிவிட்டு, எண்களே இல்லாமல் எந்த இடத்திலும் நிற்கும் திருகு உள்ள புது மாடலை வாங்கினார். இப்போது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். மெஷினில் மட்டும்.

போன வாரம் அது வந்தே விட்டது. தேன் நிறத்தில், ஒரே சீராக, அளவு பிசகாமல் இறங்கிய காப்பி. என் கணவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"பெர்ஃபெக்ட் லா சுதா. ஒங்கப்பாவ இப்ப கூப்பிடு."

சுவருக்கு அந்தப் பக்கம் அலாவுதீன் அண்ணனும் அப்பாவும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"பாத்தியா," என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி, "இன்னிக்கு வரைக்கும் நம்ம வீட்லேர்ந்து ஒரு ரிஜெக்ட்கூட வெளிய போனதில்ல."

உண்மை. சத்தியமான உண்மை. குறையுள்ள ஒரு கோப்பையைக்கூட அவர் எங்கள் வாசலைத் தாண்ட விட்டதில்லை. தாண்டிப் போனது என் அப்பா மட்டும்தான்.